இல்லாத புகை

"புகைன்னு சொல்லிட்டாங்களாம்மா" என்றுதான் அத்தான் ஆரம்பித்தார். கைகழுவிவிட்டு வந்து, துண்டால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அக்கா வீட்டுச் சமையலறை. விடுமுறை நாள், மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அக்கா பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இளையவள் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஊலாங் என்ற, பாதி புளிக்கவைத்த தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அத்தானோ ஒரு தொழிற்சாலையில் அந்த ஊலாங்கைக் கரித்தணலில் வறுத்து முடிப்பவர்.

"எந்த டீக்கு அத்தான்?" என்று கேட்டாள் இளையவள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"இந்தப் பருவத்து டீக்குத்தான். முதல் தரம் வரும்னு முதலாளி எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தார். ரெண்டாம் தரம்னு வந்திருக்கு. வாலில் லேசா புகையாம்."

"வாலா? டீக்கு வால் எப்ப முளைச்சுது?" என்றாள் அக்கா.

"குடிச்சு முடிச்ச பிறகு நாக்குல நிக்கிற ருசியை அவங்க அப்படிச் சொல்லுவாங்கடி."

"என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. கல்யாணம் ஆன நாள்லேருந்து புகையிலதானே குடித்தனம் பண்றேன்."

வேறொரு நாளாயிருந்தால் அத்தான் இதற்குச் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, அதே தேயிலையைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி வைத்தார். பொறுத்திருந்து வடித்து, ஒரு கிண்ணத்தை இளையவளின் முன் வைத்தார். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார்.

"நீ சொல்லு ருசியம்மா. எங்க இருக்கு அது?"

வேலையில் சேர்ந்த அன்றிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். இளையவள் குடித்தாள். அனலில் வாட்டிய பழத்தோல்போல ஒரு மணம். அதன் பின்னால் தேன். தொண்டையில் இறங்கிய பிறகும் இனிப்பு விடாமல் நின்றது. சாயம் தெளிவாக, பொன்னுக்கும் செம்புக்கும் நடுவில் இருந்தது.

"தொண்டைக்குள்ள இறங்கறப்போ" என்றாள். "லேசா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"எனக்குத் தெரியலையே."

"ரொம்ப லேசு அத்தான்."

"எந்த மாதிரிப் புகை? கரி சரியா வேகாத புகையா, கூடை அடி கருகின புகையா? எதுன்னு தெரிஞ்சாத்தானே கை வைக்க முடியும்?"

"அவ்வளவு பிரிச்சுச் சொல்ல முடியாது."

"முயற்சி பண்ணிப் பாரேன். இன்னொரு வாய் குடி."

அந்தப் பேச்சை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று மட்டும்தான் அப்போது அவளுக்குத் தோன்றியது. "எல்லார் மூக்குக்கும் அது பிடிபடாது அத்தான்" என்றாள்.

அத்தான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அது சரி" என்றார். சற்றுப் பொறுத்து, "அதுவும் சரிதான்" என்றார். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

பேச்சு அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸில் நிற்கும்போதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் அது இளையவளுக்குள் அதே வரிசையில் மறுபடி மறுபடி ஓடியது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு முன்னால் நிறுத்திவிடப் பார்ப்பாள். நாக்கு அதைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். நரம்பில்லாத நாக்கு என்று ஊரில் சொல்வார்கள். அந்த நாக்கை வைத்துத்தான் அவள் சம்பளம் வாங்கினாள்.

அந்தத் தேயிலையில் புகை இல்லை. ஒரு துளிகூட இல்லை. புகை என்று சொன்னவள் அவள்தான்.

அத்தான் முதலில் லாரியில் கிளீனராக இருந்தார். இலை மூட்டை இறக்க வந்தவர், ஒரு மழைநாளில் நனைந்த சட்டையைக் காயவைக்க வறுவல் அறை வாசலில் நின்றார். நின்றவர் சும்மா நிற்காமல், "உள்ள ஒரு கூடை கருகப்போகுது" என்றார். "லாரியில மூக்கை நுழைச்சது போதாதா, இங்கயும் வந்துட்டியா?" என்று அங்கிருந்தவர்கள் கேலி செய்தார்கள். கேலி முடிவதற்குள் கடைசிக் கூடையின் அடியிலிருந்து வாடை கிளம்பிவிட்டது. அப்போது ஒட்டிக்கொண்ட பெயர்தான் மூக்கர். முதலாளி அவரை லாரியிலிருந்து இறக்கி உள்ளே வைத்துக்கொண்டார். அந்த ஆண்டே அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணம்.

அந்த மூக்கைக் காப்பாற்ற வீடே ஒரு விரதம் இருந்தது. வாசனை சோப்பு கிடையாது. வறுவல் நாட்களில் பச்சை வெங்காயம் கிடையாது. கல்யாணப் பரிசாக வந்த சென்ட் பாட்டிலை அத்தான் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்த கதையை அக்கா வந்தவர்களுக்கெல்லாம் சொல்வாள். "மூக்கைக் கட்டிக்கிட்டேன், கூடவே ஒரு மனுஷன் வந்தார்" என்பாள். இளையவள் கல்லூரியில் படித்தபோது அந்த வீட்டில்தான் தங்கியிருந்தாள். அவளும் பவுடர் போடவில்லை. கொடியில் காயும் அத்தானின் சட்டைகளுக்கு நடுவே குனிந்து போகும்போது ஒரு மணம் வரும். வாட்டிய பழத்தோல், அதன் பின்னால் தேன். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. தேயிலையின் மணம் இதுதான் என்று அவள் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. துணி மடிக்கும்போது தெரிந்துகொண்டாள்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் வேலை செய்வதாகவே தெரியாது. கரியை வெள்ளையாகும்வரை எரியவிட்டு, தட்டி அடக்கி, சாம்பலால் போர்த்துவார். தணல் கண்ணுக்குத் தெரியக்கூடாது, கைக்கு மட்டும் தெரிய வேண்டும். மேலே மூங்கில் கூடை. கூடையில் உருண்டை உருண்டையாகச் சுருண்ட இலை. அவ்வப்போது கிளறிவிட்டு ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றபடியே, "போதும்" என்பார். கூடை இறங்கும். ஏன் போதும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "போதும்னா போதும். சாப்பிட்டவனை வயிறு நிறைஞ்சது எப்படித் தெரியும்னு கேப்பியா?" என்பார்.

இளையவளின் அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். நீளமான மேசையில் மூடியுள்ள வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். எந்தத் தோட்டம், எந்தத் தொழிற்சாலை என்பது தெரியாது. எண் மட்டும்தான். கொதிநீர் ஊற்றிக் காத்திருந்து, சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, முதலில் மூடியை முகர்வார்கள். பிறகு கரண்டியால் எடுத்து 'ஸ்ர்ர்' என்று உறிஞ்சுவார்கள். வீட்டில் அப்படி உறிஞ்சினால் முதுகில் ஒன்று விழும். இங்கே உறிஞ்சாவிட்டால் வேலை போகும். கடைசியில் வெந்த இலையை விரித்துப் பார்ப்பார்கள். நடுவில் பச்சையும் ஓரத்தில் சிவப்பும் ஒழுங்காக இருக்கிறதா என்று. ஒரு மதிப்பெண் குறைத்தாலும் என்ன குறை என்று பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் தேயிலையைச் செய்தவருக்குப் போய்ச் சேரும். அவர் அதைச் சரிசெய்துகொள்ளட்டும் என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

இன்னொரு விதியும் உண்டு. தனக்கு வேண்டியவருடைய தேயிலை என்று தெரிந்தால் மேசையைவிட்டு எழுந்துவிட வேண்டும். வேலையில் சேரும்போதே, "உறவுக்காரங்க யாராவது இந்தத் தொழில்ல இருக்காங்களா?" என்று கேட்டார்கள். வறுக்கிறவர் தொழிலாளிதானே, தொழிற்சாலைக்காரர் இல்லையே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, இல்லை என்றிருந்தாள். வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான்.

அந்தப் பருவத்தில் மேசையைச் சுற்றி மூன்று பேர். தலைமை ருசிப்பாளரான மேடம், இளையவள், அப்புறம் ஜலதோஷம். அவர் பெயர் அதுவல்ல; சளி பிடித்தால் வேலைக்கு ஆகாது என்று சித்திரை வெயிலிலும் மஃப்ளர் கட்டிக்கொண்டு வருவார், அதனால் அந்தப் பெயர். நடுவரிசையில் ஒரு கோப்பையின் மூடியை இளையவள் மூக்கருகே கொண்டுபோனாள். கொடியில் காயும் சட்டைகளுக்கு நடுவே நிற்பதுபோல் இருந்தது.

எழுந்திருக்க வேண்டும். எழுந்தால், ஏன் என்று கேட்பார்கள். அன்றைக்கு இல்லை என்றாயே என்பார்கள்.

"ஆஹா" என்றார் ஜலதோஷம், அதே கோப்பையை உறிஞ்சிவிட்டு. "இது யாரோட கைவண்ணம்? கண்ணை மூடிக்கிட்டு முதல் தரம் கொடுக்கலாம்."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளும் முதல் தரம் என்று போட்டிருப்பாளோ என்னவோ. அவர் சொன்னதும் அவளுக்குக் காது சுட்டது. நாளைக்கு உண்மை வெளியே வந்தால், உறவுக்காரருக்கு வாரிக்கொடுத்தாள் என்று ஆகிவிடும். நேர்மையாக இருக்க வேண்டும், யாரும் கைநீட்டிச் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு அப்போது ரொம்பச் சுத்தமானதாகத் தோன்றியது. மதிப்பெண்ணைக் குறைத்தாள். குறைத்ததற்குப் பெயர் வேண்டுமே. கரியில் வறுத்த தேயிலைக்குப் புகை என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

"வாலில் லேசான புகை" என்றாள்.

"புகையா?" என்று மேடம் மறுபடி ஒரு கரண்டி எடுத்தாள். வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். துப்பினாள். "ஆமா, இருக்கிற மாதிரிதான் இருக்கு. நெருப்பில்லாம புகையுமா?" என்று தானும் ஒன்றைக் குறைத்தாள். ஜலதோஷம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "எனக்குச் சளி பிடிக்கிற மாதிரி இருக்கு, நீங்க சொன்னா சரி" என்று கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். இளையவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைத்ததும் அது மூன்று பேர் நாக்கிலும் வந்து உட்கார்ந்துவிட்டது.

அதன்பின் அத்தானுக்கு என்ன ஆயிற்று என்பதை அக்காதான் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னாள். "உங்க அத்தான் அடுப்பையெல்லாம் இடிச்சுக் கட்டறார்." "கரிக்காரன்கிட்ட சண்டை போட்டு வேற கரி வாங்கியிருக்கார்." "இன்னைக்கு மூக்கு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தார்டி. டாக்டர் என்னென்னவோ பாட்டிலை முகரச் சொல்லிட்டு, உங்க வயசுக்கு நல்ல மூக்குன்னு சொன்னாராம். இவருக்கு 'உங்க வயசுக்கு' மட்டும்தான் காதுல விழுந்திருக்கு." அப்புறம் வேடிக்கை குறைந்தது. "சாப்பிட உட்கார்ந்தா என்னை முகர்ந்து பார்க்கச் சொல்றார். கூடையைத் தூக்கிக்கிட்டு, பெட்டி கட்டற பொம்பளைங்ககிட்ட போய் நிக்கிறாராம், புகை வருதா பாருங்கம்மான்னு."

ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று இளையவள் வாயெடுப்பாள். "அக்கா" என்பாள். "என்னடி?" என்பாள் அக்கா. "ஒண்ணுமில்ல, பஸ் வந்துடுச்சு" என்று வைத்துவிடுவாள்.

அடுத்த பருவம் வந்தது. மறுபடி வெள்ளைக் கோப்பைகள், மறுபடி எண்கள். இந்தத் தடவை அத்தானுடையது வந்தால் எழுந்துவிடுவது என்று தீர்மானித்து வந்திருந்தாள். ஒவ்வொரு மூடியையும் பயந்து பயந்து முகர்ந்தாள். சட்டை மணம் எதிலும் இல்லை. வரவில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது. கடைசி வரிசையில் ஒரு தேயிலை ஒல்லியாக, பச்சை வாடையோடு இருந்தது. நல்ல இலைதான். வெந்த இலையின் ஓரச் சிவப்பைப் பார்த்தாலே தெரிந்தது. வறுவலில்தான் கோளாறு. பாதியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

"பயந்த வறுவல்" என்றாள் இளையவள். மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அது சரியான தீர்ப்பு. அவள் அந்த மேசையில் அதைவிடச் சரியாக எதையும் சொன்னதில்லை.

எண்களுக்குரிய பெயர்கள் பிரிக்கப்பட்டபோது அது அத்தானுடையது என்று தெரிந்தது.

அந்த வாரமே முதலாளி அவரை வறுவல் அறையிலிருந்து எடுத்துவிட்டார். கோபப்படவில்லை. "உங்களுக்கும் வயசாகுது. நிழல்ல உட்கார்ந்து பெட்டி கட்டற வேலையைப் பாருங்க. வறுவலை வேற ஆள் பார்க்கட்டும்" என்றாராம். அத்தானும், "அதுதான் சரி, என் மூக்கு என்னை விட்டுப்போச்சு" என்றாராம். போனில் இதைச் சொன்னபோது அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இளையவளுக்கு இருந்தது.

மறுநாள் அவள் லீவு போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள். அத்தான் பெட்டி கட்டும் கொட்டகையில், பெண்களுக்கு நடுவில், அட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா ருசியம்மா" என்றார். "பார்த்தியா, எனக்குப் புது உத்தியோகம். மூக்குக்கு ஓய்வு கொடுத்தாச்சு. கைக்குத்தான் வேலை."

"அத்தான், அந்தப் புகை இல்ல."

"எந்தப் புகை?"

"போன பருவத்துல சொன்னாங்களே. சொன்னது நான்தான். உங்க டீல புகையே இல்ல."

அவர் அடுத்த அட்டையை எடுத்தார். "அக்கா அனுப்பினாளா?"

"அக்காவுக்குத் தெரியாது."

"அவதான் அனுப்பியிருப்பா. நான் சரியாச் சாப்பிடறதில்லன்னு புலம்பிக்கிட்டிருந்தா. நல்ல மனசும்மா உனக்கு. ஆனா எனக்காகப் பொய் சொல்லாதே. அது உன் தொழிலுக்கு அழகில்ல."

அவள் சொன்ன பொய்யை அவர் அப்படியே விழுங்கியிருந்தார். இப்போது உண்மையைக் கொண்டுவந்தால் அதைப் பொய் என்று திருப்பிக் கொடுக்கிறார். இளையவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்குச் சேரும்போது உறவை மறைத்தது, எழுந்திருக்காமல் இருந்தது, ஜலதோஷம் புகழ்ந்ததும் பயந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"எண்தானே போட்டிருக்கும்? என்னோடதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மூடியை முகர்ந்ததும். கொடியில காயற உங்க சட்டை வாசனை."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அதை அவர் நம்பிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வேண்டியவன்னு கூடப் போட்டுடக் கூடாதுன்னு நினைச்சே. அது நியாயம். கூடப் போடாம இருந்தா போதுமே. ஏன் குறைச்சே?"

அவள் கீழே கிடந்த ஓர் அட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"மூக்கு டாக்டர்கிட்டெல்லாம் போனேனேம்மா" என்றார் அத்தான். அவ்வளவுதான் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்கள் எங்கோ பார்த்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து அவள் நேராக மேடத்திடம் போனாள். மேடம் முழுவதையும் கேட்டுவிட்டு, "உறவுக்காரங்களுக்கு அள்ளிக் கொடுத்தவங்களைப் பார்த்திருக்கேன். வெட்டிட்டு நேர்மைன்னு நினைச்சவளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள். "எனக்கும் அன்னைக்குப் புகை தெரிஞ்சுதே" என்று கடைசியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இளையவளை மேசையிலிருந்து எடுத்து, கோப்பை கழுவும் இடத்தில் போட்டார்கள். மேடமே முதலாளிக்கு போன் செய்தாள். அத்தானுக்கு வறுவல் அறை திரும்பக் கிடைத்தது.

அக்கா பல நாள் போனை எடுக்கவில்லை. எடுத்த அன்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "உன்னைப் படிக்க வச்சது அந்த மூக்குதான்டி."

அறை திரும்பக் கிடைத்தது, மூக்கு கிடைக்கவில்லை. உடைந்தது அறையில் அல்ல, அவருக்குள். புகை இல்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் ஜன்னல் பக்கம் போய் நிற்பவர் 'போதும்' என்று சொல்லமாட்டேன் என்கிறார். வாய் வரைக்கும் வருவது திரும்பிப் போய்விடுகிறது என்று வறுவல் அறை ஆட்கள் அக்காவிடம் சொன்னார்கள். கூடையை இறக்குவதும் மறுபடி ஏற்றுவதுமாக இருக்கிறார். கிளறுகிற ஆளின் முகத்தைப் பார்க்கிறார். பெட்டி கட்டும் பெண்களின் முகத்தைப் பார்க்கிறார்.

ஒருநாள் காலை அவரே இளையவளுக்கு போன் செய்தார். "மத்தியானம் கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" என்றார். ஏன் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டே போனாள். ருசி பார்க்கச் சொல்வார். நல்லா இருக்கு என்றால் பரிகாரம் என்று நினைப்பார். குறை சொன்னால் மறுபடி உடைந்துபோவார். எது வந்தாலும் இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

வறுவல் அறையில் வேறு யாரும் இல்லை. ஆட்களையெல்லாம் வெளியே அனுப்பியிருந்தார். ஒரே ஒரு கூடை தணல் மேல் இருந்தது. இலை சூடேறி, பச்சை வாடை கழன்று, இனிப்பு கிளம்பத் தொடங்கியிருந்தது. இளையவளின் மூக்கு தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"ருசி பார்க்கணுமா அத்தான்?" என்றாள்.

"வேண்டாம்மா. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் அவர். கூடையைக் கிளறிவிட்டு, கைச்சாம்பலைத் தட்டிக்கொண்டார். "நீ இல்லாதப்ப, 'அவ இருந்தா என்ன சொல்லுவா'ன்னே நினைப்பு ஓடுது. அதுதான் உன்னையே வரச் சொன்னேன். நான் 'போதும்'னு சொல்ற வரைக்கும் இங்கேயே இரு. வாயைத் திறக்காதே. மூக்கை உறிஞ்சற சத்தம்கூட வேண்டாம்." கொஞ்சம் தயங்கினார். "உன் மூஞ்சியைப் பார்த்தா நான் அதைப் படிச்சுடுவேன். அதனால, கோவிச்சுக்காம, அந்தச் சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கம்மா."